தொப்பிக்குப் போன ஓடைகள்

ஒரு தோலின் விலை என்னவென்று கேட்டால் வியாபாரி உடனே பதில் சொல்லிவிடுவான். அந்தத் தோலைப் போர்த்திக்கொண்டு உயிரோடு திரிந்த விலங்கு செய்துவந்த வேலையின் விலை என்னவென்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. வட அமெரிக்காவின் ஆயிரக்கணக்கான ஓடைகளுக்கு நேர்ந்த கதி இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில்தான் இருக்கிறது. முதல் கேள்வியை மட்டுமே மனிதன் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது கேள்வியை அவன் கேட்கத் தொடங்கியபோது ஓடைகளில் தண்ணீர் இல்லை.

அந்த விலங்கின் பெயர் பீவர். பெயரைக் கேட்டதும் பலருக்கு நீர்நாய் நினைவுக்கு வரலாம். சிங்கப்பூரில் பீஷான் பூங்காவிலும் காலாங் ஆற்றோரத்திலும் குடும்பம் குடும்பமாகத் திரியும் நீர்நாய் வேறு; பீவர் வேறு. நீர்நாய் மீன் தின்னும். பீவர் மீனைத் தொடுவதே இல்லை. அது எலி, அணில் ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த கொறிக்கும் விலங்கு. மரப்பட்டையும் இளங்கிளையும் இலையும்தான் அதன் உணவு. நன்கு வளர்ந்த பீவர் 20 கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். அதன் முன்பற்களில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் அவை ஆரஞ்சு நிறமாகத் தோன்றும். தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் பற்களைக் கொண்டு அது மரத்தையே வெட்டிச் சாய்த்துவிடும்.

அணை கட்டும் விலங்கு

பீவர் ஏன் அணை கட்டுகிறது? தண்ணீரைச் சேமித்து ஊருக்குக் கொடுப்பதற்கு அல்ல. தன் உயிரைக் காத்துக்கொள்வதற்குத்தான். தரையில் அது மெதுவாக நடக்கும். ஓநாயும் கரடியும் எளிதில் பிடித்துவிடும். தண்ணீரிலோ அது தேர்ந்த நீச்சல்காரன். ஆகவே ஓடையின் குறுக்கே கிளைகளையும் கற்களையும் சேற்றையும் அடுக்கி ஒரு தடுப்பணையை எழுப்புகிறது. பின்னால் குளம் போல் நீர் தேங்குகிறது. அந்தக் குளத்தில் கிளைகளால் ஒரு வீடு கட்டி, அதன் வாசலைத் தண்ணீருக்கு அடியில் வைத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி மூடிவிட்டாலும், முன்கூட்டியே நீருக்குள் செருகி வைத்த கிளைகளைத் தின்று குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

இவ்வளவும் தன்னலத்துக்காகச் செய்யும் வேலைதான். ஆனால் அதன் பலன் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதற்கும் போய்ச் சேருகிறது. பீவரின் அணை சிமெண்டு அணை அல்ல, ஒழுகும் அணை. பனி உருகி வேகமாக ஓடிவரும் நீரை அது நிறுத்திவிடுவதில்லை, நிதானப்படுத்துகிறது. வேகம் குறைந்த நீர் தான் சுமந்துவரும் வண்டலைக் கீழே இறக்கி வைக்கிறது. கரை தாண்டிப் பரவி மண்ணுக்குள் இறங்குகிறது. நிலத்தடி நீர்மட்டம் உயருகிறது. கோடையில் அந்த நீரே மெல்லக் கசிந்து மீண்டும் ஓடைக்கு வந்து சேருகிறது. ஈரமான கரையில் வில்லோ மரங்கள் தழைக்கின்றன. தவளை, தும்பி, வாத்து, மீன்குஞ்சு என ஒவ்வொன்றாக வந்து குடியேறுகின்றன.

ஐரோப்பியர் வருவதற்கு முன் வட அமெரிக்காவில் 60 மில்லியன் முதல் 400 மில்லியன் பீவர்கள் வரை இருந்திருக்கலாம் என்று இயற்கை ஆய்வாளர் எர்னெஸ்ட் தாம்ப்சன் சீட்டன் கணித்தார். குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும் அந்தக் கண்டத்தில் எத்தனை குளங்கள் இருந்திருக்க வேண்டும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த மண்ணின் பூர்வகுடிகள் இதை அறியாதவர்கள் அல்லர். வறண்ட சமவெளியில் வாழ்ந்த பிளாக்ஃபுட் மக்கள் பீவரைப் புனிதமாகக் கருதினர். அவர்களுடைய சமயச் சடங்குகளில் பீவருக்குத் தனி இடம் உண்டு. வணிகர்கள் தோல் கேட்டு வந்தபோதும் அவர்கள் பீவரைக் கொல்லத் தயங்கினர். மழை குறைந்த நாட்டில் தண்ணீரைப் பிடித்து வைப்பது யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தொப்பி மோகம்

இந்த விலங்கின் தலையெழுத்தை மாற்றியது ஒரு தொப்பி. பீவரின் உடலில் நீண்ட மயிருக்கு அடியில் மிக மென்மையான அடிமயிர் உண்டு. ஒவ்வோர் இழையிலும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருப்பதால், அவற்றை அழுத்தினால் ஒன்றோடொன்று பிணைந்து உறுதியான ஃபெல்ட் துணியாகிவிடும். மழையில் நனைந்தாலும் அதன் வடிவம் குலையாது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பாவில் கனவான் என்று சொல்லிக்கொள்பவர் ஒவ்வொருவருக்கும் பீவர் தொப்பி தேவைப்பட்டது.

ஐரோப்பாவின் பீவர்களே முதலில் பலியாயின. தோலுக்காகவும், இறைச்சிக்காகவும், மருந்துக்கும் வாசனைப் பொருளுக்கும் பயன்பட்ட அதன் சுரப்பிக்காகவும் அவை வேட்டையாடப்பட்டன. பிரிட்டனில் அவை அறவே அற்றுப்போயின. 1900ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சேர்த்துச் சுமார் 1,200 பீவர்களே எஞ்சியிருந்தன.

பழைய உலகில் சரக்குத் தீர்ந்ததும் வணிகர்களின் பார்வை புதிய உலகின் பக்கம் திரும்பியது. 1670ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஹட்சன் பே நிறுவனத்துக்குச் சாசனம் வழங்கினார். ஹட்சன் விரிகுடாவில் வந்து கலக்கும் ஆறுகளின் நிலப்பரப்பு முழுவதும் அந்த நிறுவனத்தின் வணிக உரிமைக்குள் வந்தது. அங்கே வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அந்த வணிகத்தில் பீவர் தோலே நாணயம் போல் புழங்கியது. துப்பாக்கி, போர்வை, கெண்டி எதுவானாலும் அதன் விலை இத்தனை பீவர் தோல் என்றுதான் சொல்லப்பட்டது. நிறுவனத்தின் சின்னத்திலும் நான்கு பீவர்கள் இடம்பெற்றன. சின்னத்தில் வைத்துப் போற்றிய விலங்கையே அந்த நிறுவனம் கப்பல் கப்பலாகத் தோலாக்கி அனுப்பியது என்பது வரலாற்றின் முரண்.

திட்டமிட்டு உருவாக்கிய பாலை

பேராசையால் ஒரு விலங்கு அழிவது புதிய செய்தி அல்ல. ஆனால் பீவரின் வரலாற்றில் அதைவிடக் கொடிய அத்தியாயம் ஒன்று உண்டு. அங்கே அழிப்பதே கொள்கையாக இருந்தது.

1820களில் இன்றைய ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்கள் அடங்கிய நிலப்பகுதி யாருக்குச் சொந்தம் என்பது பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முடிவாகாத வழக்காக இருந்தது. ஹட்சன் பே நிறுவனத்தின் ஆளுநர் ஜார்ஜ் சிம்சன் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்கர்கள் மலை தாண்டி வருவது பீவர் தோலுக்காக. பீவரே இல்லையென்றால் அவர்கள் எதற்கு வருவார்கள்? ஆகவே ஸ்நேக் ஆற்றுப் பகுதியில் ஒரு பீவர்கூட மிஞ்சாதபடி பிடித்துவிட வேண்டும் என்று முடிவானது. வணிகம் இங்கே எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லையில் ஒரு 'ஃபர் பாலைவனத்தை' உருவாக்குவதே நோக்கம்.

பீட்டர் ஸ்கீன் ஆக்டன் என்பவரின் தலைமையில் 1824 முதல் 1830 வரை அடுத்தடுத்துப் படை போல் குழுக்கள் சென்றன. ஓடை ஓடையாகப் பொறி வைத்தன. ஆயிரக்கணக்கான தோல்கள் வந்து குவிந்தன.

கணக்குப் பலித்ததா? இல்லை. அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் தோலுக்காக வராவிட்டாலும் விவசாய நிலத்துக்காக வண்டி கட்டிக்கொண்டு வந்தனர். 1846இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 49ஆவது அட்சரேகைக்குத் தெற்கே இருந்த நிலம் அமெரிக்காவுக்குப் போனது. அதற்குள் ஐரோப்பாவில் பட்டுத்தொப்பி வந்து பீவர் தொப்பியின் மவுசும் குறைந்துவிட்டது. நிலமும் கைவிட்டுப் போயிற்று, தொப்பியும் பழசாயிற்று. மிஞ்சியது பாலைவனம் மட்டுமே. 1900ஆம் ஆண்டு வாக்கில் வட அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பீவர்கள்தாம் எஞ்சியிருந்தன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

காவலாளி இல்லாத வீடு

பீவர் போன மறுநாளே ஓடை வற்றிவிடவில்லை. அதனால்தான் நடந்தது என்னவென்று யாருக்கும் உடனே புரியவில்லை. பராமரிக்க ஆளில்லாத அணைகள் ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தன. தேங்கியிருந்த நீர் வடிந்தது. தடையில்லாமல் ஓடிய நீர் தன் படுகையைத் தானே அரித்துக்கொண்டு கீழே இறங்கியது. ஆடுமாடுகள் கரையை மேய்ந்து மொட்டையாக்கிய இடங்களில் அரிப்பு இன்னும் விரைந்தது. ஓடை இப்போது ஆழமான பள்ளத்துக்குள் ஓடியது. பக்கத்துப் புல்வெளி உயரத்தில் தனியாக நின்றது. வெள்ளம் வந்தாலும் புல்வெளிக்கு ஏறவில்லை. நிலத்தடி நீர் இறங்கியது. வில்லோ மரங்கள் பட்டுப்போயின.

இதில் ஒரு சிக்கலான முடிச்சு இருக்கிறது. வில்லோ இல்லாவிட்டால் பீவருக்கு உணவும் இல்லை, அணை கட்டப் பொருளும் இல்லை. பீவர் இல்லாவிட்டால் வில்லோவுக்குத் தண்ணீர் இல்லை. யார் முதலில் வருவது? பின்னால் வந்த விஞ்ஞானிகள் அவிழ்க்க வேண்டியிருந்த முடிச்சு இதுதான்.

அடுத்த தலைமுறையில் அங்கே குடியேறியவர்கள் வறண்ட பள்ளத்தாக்கைப் பார்த்து, இந்த நாடே இப்படித்தான் என்று எண்ணிக்கொண்டனர். இழந்தது என்னவென்று தெரியாதவன் அதைத் தேடுவானா?

பாட்டி சொன்ன செய்தி

தெரிந்தவர்கள் சிலர் உயிரோடு இருந்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் சில்கோட்டின் வட்டாரத்தில் மெல்ட்ரம் கிரீக் என்னும் ஓடை இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து இளைஞராக வந்து குடியேறிய எரிக் காலியர், தம் மனைவி லில்லியனோடும் சிறு மகனோடும் 1931இல் அந்த ஓடையோரம் குடிபோனார். லில்லியனின் பாட்டி லாலா பூர்வகுடி மூதாட்டி. அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். வெள்ளையர் வருமுன் ஓடை எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் கண்டவர். பீவர் இருந்தவரை தண்ணீர் இருந்தது, மீன் இருந்தது, வாத்து இருந்தது, பீவர் போனதும் எல்லாம் போயிற்று என்பதே அவர் பேத்திக்கும் மருமகனுக்கும் சொன்ன செய்தி. அவற்றை ஓடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

திருப்பிக் கொடுக்க அங்கே பீவர் ஏது? ஆகவே அந்தக் குடும்பம் பீவரின் வேலையைத் தானே செய்யத் தொடங்கியது. பாழடைந்து கிடந்த பழைய பீவர் அணைகளைத் தேடிப் பிடித்து, உடைப்புகளை மரமும் மண்ணும் கொண்டு கையால் அடைத்தனர். மேலே நீரைத் தேக்கினால் தங்கள் பாசனத்துக்கு வராமல் போய்விடும் என்ற அச்சம் கீழ்ப்பகுதிப் பண்ணைகளுக்கு இருந்தது இயல்பே. நடந்ததோ நேர்மாறு. தேங்கிய நீர் கோடையில் கசிந்து ஓடைக்கு வந்தது. நீர்ப்பறவைகள் திரும்பின, ஓடையில் உயிர் ஊறியது. 1941இல் அரசின் வனவிலங்குத் துறை இரண்டு இணை பீவர்களைக் கொண்டுவந்து கொடுத்தது. அவை பெருகி, மனிதர் கட்டிய அணைகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டன. காலியர் 1959இல் வெளியிட்ட நூல் இந்த வரலாற்றை உலகறியச் செய்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காலியர் பட்டம் பெற்ற பொறியாளர் அல்லர். பொறி வைத்துப் பிழைத்தவர்தாம். அவருக்கு வழிகாட்டிய அறிவு ஒரு மூதாட்டியின் நினைவில் இருந்தது. அதே காலத்தில் கனடாவில் 'கிரே அவுல்' என்ற பெயரில் புகழ்பெற்ற ஆர்ச்சிபால்ட் பெலானியும் பீவர் பிடித்துப் பிழைத்தவரே. தாயை இழந்த இரண்டு பீவர் குட்டிகளை வளர்க்க வேண்டுமென்று அவருடைய மனைவி அனாஹாரியோ வற்புறுத்தினார். அந்தக் குட்டிகள் அவர் மனத்தை மாற்றின. அதன்பின் பீவர்களைக் காக்க வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தார். 1938இல் அவர் இறந்தபின், தம்மைப் பூர்வகுடி வழிவந்தவர் என்று அவர் சொல்லிக்கொண்டது பொய் என்றும், அவர் இங்கிலாந்தில் பிறந்த வெள்ளையர் என்றும் தெரியவந்தது. ஆள் போட்டுக்கொண்ட வேடம் பொய். பீவரைப் பற்றி அவர் சொன்னது மெய்.

வானத்திலிருந்து இறங்கியவை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐடஹோ மாநிலத்தில் வேறொரு சிக்கல் எழுந்தது. பேயட் ஏரிப் பகுதியில் மக்கள் புதிதாகக் குடியேறினர். அங்கிருந்த பீவர்கள் பழத்தோட்டங்களையும் பாசன வாய்க்கால்களையும் விட்டுவைக்கவில்லை. மக்களுக்குத் தொல்லை, ஆனால் மலைக்குள் பீவர் இல்லாத பள்ளத்தாக்குகளுக்கோ அவை தேவை. குதிரை, கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றிச் சென்றால் வெயிலில் பீவர்கள் தவித்தன. சுமக்கும் விலங்குகளும் மிரண்டன.

மாநில வனவிலங்குத் துறை ஊழியர் எல்மோ ஹீட்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். போரில் மிஞ்சிய பாராசூட்டுகள் மலிவாகக் கிடைத்தன. தரையைத் தொட்டதும் தானே திறந்துகொள்ளும் மரப்பெட்டி ஒன்றைச் செய்தார். ஜெரோனிமோ என்று பெயரிட்ட ஆண் பீவர் ஒன்றை அதில் வைத்துத் திரும்பத் திரும்ப இறக்கிச் சோதித்தார்கள். கடைசியில் பெட்டியைக் கண்டாலே அது தானாக ஏறிக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டதாம். 1948இல் 76 பீவர்கள் விமானத்திலிருந்து மலைக்காட்டில் இறக்கப்பட்டன. ஒன்று மட்டுமே இறந்தது. மற்றவை அணை கட்டத் தொடங்கின. ஜெரோனிமோவுக்கு அதன் உழைப்புக்குப் பரிசாக முதல் பயணத்திலேயே மூன்று பெண் துணைகளோடு இடம் கிடைத்தது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், ஒரு நூற்றாண்டுக்கு முன் எந்த மலைநாட்டில் பீவரைத் துடைத்தெடுக்கப் பணம் செலவழித்தார்களோ அதே நாட்டில் அதைத் திரும்பக் கொண்டுவர அரசு பணம் செலவழித்தது.

இடம் தவறினால்

பீவரை எங்கே கொண்டுபோய் விட்டாலும் நன்மைதான் என்று எண்ணிவிடக் கூடாது. 1946இல் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியேரா டெல் ஃபுவேகோ தீவில், ஃபர் தொழிலை வளர்க்கும் எண்ணத்தோடு கனடாவிலிருந்து பீவர்களைக் கொண்டுபோய் விட்டார்கள். தொழில் வளரவில்லை, பீவர்கள் வளர்ந்தன. அங்கே அவற்றைத் தின்னும் ஓநாயும் கரடியும் இல்லை. வட அமெரிக்க வில்லோவை வெட்டினால் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். அந்தத் தீவின் மரங்களுக்கோ அந்தப் பழக்கம் இல்லை. வெட்டுப்பட்ட மரம் செத்தது. நீரில் நின்ற மரமும் செத்தது. பின்னர் அர்ஜெண்டினாவும் சிலியும் அந்தப் பீவர்களை ஒழிக்கத் திட்டமிட வேண்டியதாயிற்று.

ஒரே விலங்குதான். சொந்த மண்ணில் அது மருத்துவர். அந்நிய மண்ணில் அது நோய். பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த மரமும் ஓடையும் இருக்கும் இடத்தில்தான் அதன் வேலைக்குப் பொருள் உண்டு.

மனிதன் தொடங்கி பீவர் முடித்த வேலை

முன்னர் சொன்ன முடிச்சு அவிழ்ந்த இடம் ஓரிகன் மாநிலத்தில் ஜான் டே ஆற்றில் கலக்கும் பிரிட்ஜ் கிரீக் ஓடை. ஆழமாக அரித்துக்கொண்டு பள்ளத்தில் ஓடிய அந்த ஓடையில் பீவர்கள் அங்கங்கே எஞ்சியிருந்தன, அணையும் கட்டின. ஆனால் குறுகிய பள்ளத்தில் வெள்ளம் சீறிவந்து அணைகளை அடித்துக்கொண்டு போனது. அந்த ஓடையில்தான் கடலுக்குப் போய்த் திரும்பிவந்து முட்டையிடும் ஸ்டீல்ஹெட் என்னும் மீன் அருகிக்கொண்டிருந்தது.

மைக்கேல் பாலக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் ஓர் எளிய சோதனையைத் தொடங்கினர். ஓடையின் குறுக்கே மரக்கம்பங்களை வரிசையாக அடித்து நட்டார்கள். அவற்றுக்கு இடையில் வில்லோ கிளைகளைக் கூடை முடைவது போல் பின்னினார்கள். பெரிய இயந்திரமோ சிமெண்டோ தேவைப்படவில்லை. இப்படி 121 அமைப்புகளைச் செய்து முடித்தார்கள். மீதியைப் பீவர்கள் பார்த்துக்கொண்டன. கம்பத்தின் பலம் கிடைத்ததால் அவற்றின் அணை வெள்ளத்துக்குத் தாக்குப்பிடித்தது. வண்டல் சேர்ந்து படுகை உயர்ந்தது. நீர் மறுபடியும் கரையேறிப் பரவியது.

2016இல் ஆய்வின் முடிவு வெளியானது. இளம் ஸ்டீல்ஹெட் மீன்களின் பிழைப்பு விகிதம் 52 விழுக்காடும், மீன் உற்பத்தி 175 விழுக்காடும் உயர்ந்திருந்தன. அணை குறுக்கே நின்றால் மீன் ஏற முடியாதே என்று பலர் கேட்டதுண்டு. மீன்கள் மேலே போவதற்கோ கீழே வருவதற்கோ அந்த அணைகள் தடையாக இல்லை என்பதும் நிறுவப்பட்டது. பீவரும் அந்த மீனும் ஒரே ஓடையில் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவை அல்லவா? மெல்ட்ரம் கிரீக்கில் ஒரு குடும்பம் கையால் செய்ததையே, எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து விஞ்ஞானம் அளந்து பார்த்து உறுதிசெய்தது எனலாம்.

இன்னொரு பயனும் அண்மைக் காலத்தில் தெரியவந்தது. 2018இல் ஐடஹோவில் பரவிய காட்டுத்தீக்குப் பின், பாவ் கிரீக் என்னும் ஓடையில் பீவர்கள் இருந்த பகுதி மட்டும் கருகிய மலைகளுக்கு நடுவே பச்சை நாடா போல் நின்றது. ஆய்வாளர் எமிலி ஃபேர்ஃபாக்ஸ் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து ஐந்து காட்டுத்தீக்களைத் துணைக்கோளப் படங்களின் வழி ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பீவர் அணை இல்லாத ஓடைக்கரைகளில் பசுமை இழப்பு, அணை உள்ள கரைகளைவிட மூன்று மடங்கு அதிகம். காரணம் எளிது. ஈர விறகு எரியாது.

தொல்லையை மறைக்க வேண்டியதில்லை

பீவரால் துன்பமே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. சாலைக்கு அடியில் செல்லும் நீர்க்குழாயை அடைத்துவிடும்; வயலில் நீரை ஏற்றிவிடும்; ஆசையாக வளர்த்த மரத்தை ஓரிரவில் சாய்த்துவிடும். பாதிக்கப்படும் விவசாயியின் கோபத்தில் நியாயம் உண்டு. முன்பெல்லாம் இதற்கு ஒரே தீர்வு, கொன்றுவிடுவதுதான். இன்று மரத்தைச் சுற்றிக் கம்பி வலை கட்டுகிறார்கள். அணையின் ஊடே குழாய் செருகி, நீர் குறிப்பிட்ட மட்டத்துக்கு மேல் ஏறாமல் வடியச் செய்கிறார்கள். அதற்கும் அடங்காதவற்றைப் பிடித்து இடம் மாற்றுகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் மெத்தாவ் பள்ளத்தாக்கில் 2008 முதல் இந்தப் பணி நடந்தது. அங்கே பிடிபட்ட பீவர்களை மீன் பண்ணைத் தொட்டிகளில் தங்கவைத்து, துணை சேர்த்து, அதன்பின் மலை ஓடைகளில் விட்டார்கள். தனி ஆளாக விட்டால் துணை தேடி எங்காவது போய்விடும். குடும்பமாக விட்டால் வீடு கட்டிக்கொண்டு தங்கிவிடும் என்பது அனுபவம் கற்பித்த பாடம்.

பீவர் காட்டுக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் மாறிவருகிறது. 2023 அக்டோபரில் லண்டன் மாநகரின் ஈலிங் வட்டாரத்திலுள்ள ஒரு பூங்காவில் பீவர் குடும்பம் ஒன்று விடப்பட்டது. அடைமழை பெய்தால் அருகிலுள்ள ரயில் நிலையப் பகுதியில் நீர் ஏறும் தொல்லையை அவை குறைக்கும் என்பதும் எதிர்பார்ப்புகளில் ஒன்று. திடீர் வெள்ளம் என்றால் என்னவென்று அறிந்த மாநகரவாசிகளுக்கு இந்தச் செய்தியின் அருமை விளங்கும்.

கணக்குத் தீரும் காலம்

2019இல் கலிபோர்னியாவின் மலைப்புல்வெளி ஒன்று, டாஸ்மம் கோயோம் என்று அதைத் தம் மொழியில் அழைக்கும் மைடு பூர்வகுடி மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. நிலம் திரும்பியது, நிலத்தின் பழைய குடி இன்னும் திரும்பவில்லை. 2023 அக்டோபரில் மாநில அரசு ஏழு பீவர்கள் கொண்ட குடும்பம் ஒன்றை அங்கே கொண்டுவந்து விட்டது. ஏறக்குறைய 75 ஆண்டுகளில் அந்த மாநிலம் பாதுகாப்புக்காகச் செய்த முதல் பீவர் விடுவிப்பு அது. முதலில் நிலத்தை இழந்தவர்களும், முதலில் உயிரை இழந்த விலங்கும் ஒரே புல்வெளியில் மீண்டும் சந்தித்தது தற்செயல் அல்ல. இருவரையும் விரட்டியது ஒரே கணக்குப் புத்தகம்.

அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்த நிறுவனம் என்ன ஆயிற்று? 1670இல் மன்னரின் சாசனத்தோடு தொடங்கிய ஹட்சன் பே நிறுவனம், பிற்காலத்தில் கனடாவெங்கும் பேரங்காடிகளை நடத்திவந்தது. கடன் சுமையால் 2025 ஜூன் முதல் நாளோடு அதன் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. அதே 2025இல், மன்னர் சாசனம் எழுதிய இங்கிலாந்தில், பீவர்களை வேலி இல்லாமல் காட்டில் விட அரசு உரிமம் வழங்கியது. மார்ச் மாதம் டோர்செட் மாவட்டத்தில் அவை தண்ணீரில் இறங்கின. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் கழித்து அந்த நாடு தான் தொலைத்ததைத் தானே அழைத்துக்கொண்டது.

தோலின் விலை சந்தையில் ஏறும், இறங்கும், ஒருநாள் இல்லாமலே போகும். பீவர் தொப்பி இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் கோடையில் ஓடையில் ஓடும் நீருக்கு மதிப்புக் குறைந்த காலம் எதுவும் இல்லை. எந்த உயிர் என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் அதற்கு விலை வைப்பவன், முதலில் அந்த உயிரையும் பிறகு அந்த வேலையின் பலனையும் இழக்கிறான். மீட்க முடியுமா என்றால் முடியும் என்பதைப் பிரிட்ஜ் கிரீக் காட்டுகிறது. ஆனால் அதற்கு, மெல்ட்ரம் கிரீக்கில் நடந்ததுபோல், எது இருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும் ஒரு பாட்டியும், அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு பேத்தியும் வேண்டும்.